பத்தி நான்கு

இரவு பன்னிரண்டுக்கு வாசல் அடைபடும்.
கருத்துச் சொல்ல இருபத்தொரு நாள் கொடுத்திருந்தார்கள்.
இருபதைக் கூட்டம் போட்டே கழித்தோம்,
சமோசாவும் சேர்த்து.

ராணிப்பேட்டை சிப்காட்டில் சங்க அலுவலகம்.
ஜன்னலைத் திறப்பதில்லை.
திறந்தால் ஈரத்தோல் நெடி
மும்பைக்குப் போகிற கடிதத்திலும் ஏறிக்கொள்ளும் என்பார்
செயலர் கோவர்த்தனன்.
பாய்லர் உதிரி செய்கிறவர். அவருக்கு
இரும்பு மணக்கும், தோல் நாறும்.

பத்தி ஒன்று, வணக்கம்.
இரண்டில், பாலாற்றங்கரையில் நாங்கள் எத்தனை பேர்,
எத்தனை பேருக்குச் சம்பளம் போடுகிறோம்.
மூன்றில் வங்கி வட்டி. எழுதும்போது
எனக்கே கோபம் வந்துவிட்டது,
அழித்து மறுபடி மரியாதையாக எழுதினேன்.
நான்கில் நிற்கிறேன், சாயங்காலத்திலிருந்து.

"பங்குச்சந்தைக்கு வரும் சிறு நிறுவனங்களுக்கு,
உறவினரோடு செய்யும் கொடுக்கல் வாங்கலை
வெளியே சொல்லும் கட்டாயத்திலிருந்து
முழு விலக்கு அளிக்க வேண்டும்."

இம்தாதுல்லா சாகிப் கேட்டதில் பொய்யில்லை.
மேல்விஷாரத்தில் பெண் எடுத்து
வாணியம்பாடியில் பெண் கொடுத்தவர்.
பச்சைத்தோல் சித்தப்பா மண்டியிலிருந்து,
சுண்ணாம்பு சம்பந்தி கடையில்,
ஷூவின் மேல்பாகம் தைத்துத் தருவது மருமகன்.
"எனக்கு உறவில்லாதவன் ஒருத்தன்தான் மேடம்,
கரண்ட் பில் குறிக்க வர்றவன்.
மத்த எல்லாத்துக்கும் படிவம் எழுதினா
தோலை எப்ப பதம் போடுறது?"
கூட்டம் சிரித்தது. நானும்.
சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டேன்.

ஆனால் எபனேசர்.
தோட்டப்பாளையத்துக்காரர். வேலூர் ஆஸ்பத்திரியில்
மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் தைராய்டுக்கு
ரத்தம் எடுப்பவர். இன்று காலையும் எடுத்தார்.
நரம்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:
பம்பு கம்பெனி. புதுப் பங்கு. ரெண்டு லட்சம்.
முதல் நாளே ஏறியது, வீட்டில் கேசரி.
அந்தப் பணம் முதலாளியின் மச்சான் நடத்தும்
மனை வியாபாரத்துக்குக் கடனாகப் போனது
பதினாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது,
பங்கு பன்னிரண்டு ரூபாயில் படுத்திருந்தபோது.
"கையை மடக்கிக்குங்க" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.
கேட்டிருந்தால் தோல் கம்பெனி என்றிருப்பேன்.

பதினொன்று பத்து.
"முழு" என்ற சொல்லை எடுத்தேன்.
வாக்கியம் நொண்டியது.
"ஒரு வரம்புக்குள்" என்று முட்டுக் கொடுத்தேன்.
வரம்பு எவ்வளவு? சங்கம் அதைப் பேசவேயில்லை.
விற்றுமுதலில் நூற்றுக்கு ஐந்து. போட்டேன்.
பிறகு யாரும் கேட்காத ஒரு வரி:
சரக்குக்குக் கொடுத்தது வேறு, கடனாகக் கொடுத்தது வேறு;
கடன் ஒரு ரூபாயானாலும் பெயரோடு சொல்லலாம்.

சொல்லலாம்.
அந்த "லாம்" போதும், ஒரு மச்சான் நுழைந்துவிடுவார்.
சொல்ல வேண்டும்.

தலைவரைக் கூப்பிட்டேன். ஆம்பூரில் கல்யாணத்தில் இருந்தார்.
பின்னால் தேக்சா மூடிகள்.
"கேக்கலம்மா, சத்தமா."
"நாலாவது பத்தியில ஒரு மாத்தம் சார்."
"எழுதிட்டியா?"
"எழுதிட்டேன்."
"அப்ப அனுப்பு. பொண்ணு வீட்டுக்காரங்க கூப்பிடறாங்க."
எந்தப் பெண் வீடு, யார் மாப்பிள்ளை,
யாருக்கு யார் சரக்குப் போடப் போகிறார்கள் என்று
நான் கேட்கவில்லை.

பதினொன்று ஐம்பத்தாறு.
ஒப்புகை எண் வந்தது, பதினோரு இலக்கம்.
அச்செடுத்த பிரதியை ஆணியில் குத்தினேன்.
காலையில் கோவர்த்தனன் எடுப்பார்.
சங்கத்தில் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

ஜன்னலைத் திறந்தேன்.
நெடி உள்ளே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தது.
முழங்கை மடிப்பில் காலைப் பிளாஸ்திரி இன்னும் இருந்தது.
பிய்த்தேன். முடியோடு வந்தது.